குடிலில் இரண்டு தூளி

மாமாவுக்குத் தரமணியில் ஒரு கட்டட அலுவலகத்தில் பிளான் வரையும் வேலை. அங்கே அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் புதுப்புதுச் சட்டம் போடுவார். எனக்கு எட்டு வயதான டிசம்பரில் போட்ட சட்டம் இது: இந்த முறை கிறிஸ்துமஸ் குடிலை நானும் தம்பியும்தான் டிசைன் செய்ய வேண்டும். நாங்கள் வரைந்ததை அவர் அப்படியே கட்டித் தருவார். பெரியவர்கள் யாரும் "வேணாம்" என்று சொல்லக் கூடாது.

"நீங்கதான் கிளையன்ட்டு. நான் வெறும் மேஸ்திரி," என்றார்.

மயிலாப்பூரில் நாங்கள் மாடி வீடு, மாமாவும் அத்தையும் கீழ்வீடு. அவர்கள் கூடத்தில்தான் வருடாவருடம் குடில் வைப்போம். எங்கள் தெருவில் திரியும் மாடுகளைத் தெரியுமே தவிர, மாட்டுத்தொழுவம் என்ற ஒன்றை நாங்கள் பார்த்ததே கிடையாது. பார்த்ததெல்லாம் அபார்ட்மென்ட். தம்பி முதல் வேலையாக மூன்று ராஜாக்களின் ஒட்டகங்களுக்குப் பார்க்கிங் வரைந்தான். "ஒட்டகம் திரும்புறதுக்கு எடம் பத்துமா?" என்று மாமா நிஜமான கவலையோடு கேட்டார். தம்பி யோசித்து, பார்க்கிங்கை அகலமாக்கினான். மாமா எதையும் திருத்த மாட்டார், கேள்வி மட்டும்தான் கேட்பார்.

வைக்கோல் குழந்தை இயேசுவைக் குத்துமே என்று நான் தூளி வரைந்தேன். ஒன்றல்ல, இரண்டு.

"ரெண்டாவது யாருக்கு மேடம்?"

அந்த வருடம் மழை பிடித்த சமயத்தில் அத்தை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய், வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். பாப்பா இயேசுவிடம் போய்விட்டது என்று அம்மா எங்களிடம் சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு விஷயம் ரொம்பச் சுலபமாகப் புரிந்தது. கிறிஸ்துமஸுக்கு இயேசு வருகிறார் என்றால் பாப்பாவை அங்கே தனியாக விட்டுவிட்டா வருவார்? அதையே மாமாவிடம் சொன்னேன்.

மாமா பென்சிலைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடியும் செருகினார். "ஏய், அதெல்லாம்..." என்று தொடங்கிய அம்மா, தன் தம்பியான மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தாள்.

"அவ சொன்ன மாதிரியே கட்டுங்க," என்றாள்.

இயேசுவின் தூளிக்கு என் கைக்குட்டை போதுமானதாக இருந்தது. இரண்டாவது தூளிக்கு அத்தை பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு துணி எடுத்து வந்தாள். மஞ்சள் ஃபிளானல், வாத்துப் படம் போட்டது, மடிப்புகூடக் கலையாமல் தி.நகர் கடைப் பையிலேயே இருந்தது. அம்மா திடுக்கிட்டுப் போனாள். "இத எப்பம்மா வாங்கினே?" பிள்ளை பிறக்கும்வரை அதற்கென்று ஒரு நூல்கூட வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அத்தை துணியை நீவிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தரிக்கோலோடு தயாராக இருந்தேன். குடிலுக்கு அந்தத் துணி ரொம்பப் பெரிது.

"வெட்ட வேணாம் கண்ணு," என்றாள் அத்தை.

சட்டம் மீறப்பட்டுவிட்டது! உடனே மாமாவிடம் புகார் செய்தேன். "அது மட்டும் அப்படியே இருக்கட்டும் மேடம்," என்றவர், அட்டையை ஒட்டிக் கூரையை உயர்த்தினார். அப்படியும் அந்தத் தூளி பாதிக் குடிலை அடைத்துக்கொண்டு, ஒட்டகப் பார்க்கிங்வரை தொங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்திலிருந்து சிறந்த குடிலைத் தேர்ந்தெடுக்க வந்தார்கள். கைக்குட்டைத் தூளியில் குழந்தை இயேசு படுத்திருந்தார். வந்தவர்களில் மூத்தவர் மஞ்சள் தூளியைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒண்ணு காலியா கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னாள்: "அது எங்க பாப்பாவுதுண்ணா."

அந்தக் கூடத்தில் அத்தை "எங்க பாப்பா" என்று சொன்னது அதுதான் முதல் முறை. சொன்னதும் அழ ஆரம்பித்தாள். மாமா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். போட்டி நடக்கும் நேரத்தில் இப்படி அழுதால் மார்க்கைக் குறைத்துவிடுவார்களே என்று நான் தவித்தேன்.

பரிசு, அருவியில் நிஜமாகவே தண்ணீர் ஓடிய பக்கத்துத் தெருக் குடிலுக்குப் போனது. என் டிசைனில் ஒரு குறையும் இல்லை, அத்தை அளவைக் கெடுத்ததால்தான் தோற்றோம் என்று நாள் கணக்கில் பொருமினேன். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது, மஞ்சள் துணியைத் தரையில் விரித்துப்போட்டு மாமாவை நியாயம் கேட்டேன்.

"நீங்களே பாருங்க மாமா. அளவு எவ்ளோ தப்பு!"

மாமா மண்டியிட்டு, துணியின்மேல் இரண்டு கைகளையும் இடைவெளி விட்டு வைத்தார். அந்த இடைவெளியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அளவு சரியாத்தான் கீது மேடம்," என்றார்.

நாள் முழுக்க ஸ்கேலும் கையுமாக இருக்கிறவர், இவருக்குப்போய் அளவு தெரியவில்லையே என்று எனக்கு அன்று மாமாமேல் பரிதாபமாக இருந்தது.