ஊளைக்குரங்குக்காகக் கோபப்பட்டவர்

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த தமிழ்ப் பெண், பிரேசில் காடுகளில் ஊளைக்குரங்குகளை ஆராய்பவர். வெயிலில் கறுத்த கழுத்து. பேசும்போதும் அவர் கண்கள் வெளியே மர உச்சிகளையே துழாவின.

என் மகளும் அதே ஆராய்ச்சிக்குப் போகிறாள், அங்கே மஞ்சள் காய்ச்சலாம் என்றேன். பயத்தில், “அந்தக் குரங்குகளைச் சுட்டுத் தள்ளினா என்ன?” என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் குரல் உயர்ந்தது. “நீங்களுமோ அக்கா? காய்ச்சலைப் பரப்புறது இரத்தம் குடிக்கிற நுளம்பு. குரங்கு முதல்ல செத்து எங்களை எச்சரிக்குது. அதைப் போய் அங்க ஆக்கள் கல்லால அடிச்சுக் கொல்லுறாங்கள். மகளுக்கு ஊசி போட்டாச்சோ?”

“ஓம்.”

“அதுகளுக்கு ஆர் போடுறது?”

வைலே நிலையத்தில் விடைபெறாமலே இறங்கிப் போனார். அவ்வளவு கோபக்காரி ஒருத்தி அந்தக் காட்டில் என் மகளோடு இருக்க வேண்டும் என்று இன்னும் நினைக்கிறேன்.