மாமியா மருமக கடிகாரம்

கரணை பிடித்துப் பதினோரு வருஷம் ஆகியும் பாண்டிச்செல்வியைக் கொத்தனார் என்று ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. பேரையூர்ப் பக்கம் அவள் பூசாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தும் கட்டட வேலையில் பொம்பளை என்றால் சித்தாள்தான் என்று ஊர் முடிவு கட்டி வைத்திருந்தது. அவளுக்கு அதில் தீராத வயிற்றெரிச்சல்.

டி. கல்லுப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிழல் கடிகாரத் தோட்டம் போட்டார்கள். அறிவியல் வாத்தியார் வெங்கடசுப்பிரமணியன் அதிலிருந்த ஒவ்வொரு கடிகாரத்துக்கும் தமிழில் பெயர் தேடித் தேடி வைத்தார். தரையோடு கிடப்பது படுக்கைக் கடிகாரம். குழிந்த கல்லில் கோடு கீறியது கிண்ணக் கடிகாரம். கடைசியாக ஒரு தனிச்சுவர். அதன் தெற்கு முகத்தில் கம்பி நட்டு மணிக்கோடு வரைய வேண்டும். ‘தென்முகச் சுவர்க் கடிகாரம்’ என்று கல்வெட்டுக்கு எழுதியும் கொடுத்துவிட்டார்.

தை மாத வெயில் அந்தச் சுவரில் பளீரென்று அடித்தது. அதைப் பூச வந்திருந்த பாண்டிச்செல்வி கரணையைக் கீழே வைத்தாள்.

“சார், சித்திரை பொறந்துட்டா இந்தப் பக்கம் வெயிலே விழாது. ஆவணி வரைக்கும் உங்க கடிகாரம் தூங்கும்.”

“புத்தகத்துல தெற்குன்னுதானம்மா போட்டிருக்கு?”

“எழுதுனவரு எந்தூருக்காரரோ. நாங்க வைகாசி ஆனியில தெக்குச் சொவத்தத்தான் பூசுவோம். நாள் பூரா நெழலு கெடைக்கும்.”

சித்தாளுக்கு என்ன வான சாஸ்திரம் என்று மேஸ்திரி முத்துப்பாண்டி சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தார். மறுநாள் காலையில் வந்து, “நீங்க சொன்னதுதாம்மா சரி” என்றார். நல்ல மனுஷன்.

ஒரே கம்பி. சுவரைத் துளைத்து, வடக்கே லேசாகத் தூக்கி, இரண்டு பக்கமும் நீளுகிற மாதிரி அவளே நட்டாள். தெற்கே வெயில் விழாத மாதங்களுக்காக வடக்கு முகத்திலும் மணிக்கோடு ஏறியது.

“இப்ப இதுக்கு என்னம்மா பேரு வைக்கிறது?”

“மாமியா மருமகன்னு வைங்க சார். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க மாட்டா. ஒருத்தி பேசுற காலத்துல மத்தவ வாயத் தொறக்க மாட்டா.”

வாத்தியார் பழைய பெயரை அடித்துவிட்டு, இதையே கல்வெட்டில் வெட்டச் சொன்னார்.

வைகாசியில் திறப்பு விழா. தெற்கு முகம் சொன்னபடியே இருண்டு கிடந்தது. கூட்டம் வடக்கே திரும்பி வந்தது. நிழல் பதினொன்றில் நின்றது. தலைமையாசிரியை கனகா சால்வையோடு மைக்கைப் பிடித்து, “இதைச் சொன்ன சித்தாள் வந்திருக்காங்களா?” என்று கேட்டார்.

பாண்டிச்செல்வி எழுந்து நின்றாள். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

“சித்தாள் வரல டீச்சர். கொத்தனாரு வந்திருக்கேன்.”

முதலில் கை தட்டியது மேஸ்திரிதான்.