ஒற்றைக் கேள்வியைத் தூக்க மறுத்தவள்

ரெங்கத்தில் பிறந்து, ஜோகூர் பாருவில் கணினி மொழி செய்து பிழைக்கும் லோஷினிக்கு உலக வரலாற்றில் இடம் கிடைக்குமானால், அது ஒரு 'மாட்டேன்' என்ற சொல்லுக்காகத்தான் கிடைக்கும்.

மரம் அறுக்கும் இயந்திரங்களை ஓட்டுகிற மொழி அது. அதில் 'சைஸ்' என்ற கட்டளை பிறவியிலேயே உண்டு. அறுக்க வேண்டிய நீளத்தைச் சொல்லும். மொழிக்குத் தாராள மனசு. யார் வேண்டுமானாலும் அதே பெயரில் தங்களுக்கென்று வேறொரு சைஸை எழுதிக்கொள்ளலாம். ஆகவே ஒவ்வொரு முறையும், "இங்கே வேறு சைஸ் உண்டா?" என்று வீடு வீடாக விசாரித்த பிறகே வேலை நடக்கும். மெதுவில் ஆமையே தோற்றுவிடும்.

லோஷினி அந்த விசாரணையை ஒரே கேள்வியாகச் சுருக்கினாள்: யாராவது மாற்றினார்களா? இல்லையென்றால் நேரே பாய்ச்சல்தான். மேலாளர் கமலநாதனுக்கு அந்த ஒரு கேள்வியும் கண்ணை உறுத்தியது. சிங்கப்பூர் வாடிக்கையாளருக்கு வேகம் காட்ட வேண்டுமே!

"அதையும் தூக்கும்மா. சைஸ போயி எவன் மாத்துவான்?"

"மூவார் ஃபேக்டரில விஜயன் மாத்தியிருக்காரு, பாஸ். பிளேடு தின்னுற மரத்தையும் சேத்துக் கணக்குப் பண்றாரு."

"ஒருத்தருக்காக எல்லாரும் மெதுவா போணுமா? தூக்கலன்னா வேற ஆள் பாத்துக்கிறேன்."

"பாத்துக்குங்க. என் கையால தூக்க மாட்டேன்."

கமலநாதன் தம் திருக்கரத்தாலேயே தூக்கினார்.

வெள்ளோட்டம் மூவாரில். நாற்காலியின் மூன்று கால்கள் காலையிலேயே பழைய முறையில் அறுபட்டுத் தயாராக இருந்தன. நான்காவது, சிங்கப்பூர் விருந்தினர் முன்னிலையில், புதிய வேகத்தில். இயந்திரம் பறந்தது. கைதட்டல். பூட்டி முடித்த நாற்காலியில் கமலநாதன் ராஜகம்பீரமாக அமர்ந்து உரையைத் தொடங்கினார்.

டக்.

"தரை சரியில்ல லா," என்றார். நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள். டக்.

விஜயன் குனிந்து குட்டைக் காலைத் தடவினார். "அலமாக்! என் சைஸ கேக்காம எவன் அறுத்தது?"

விருந்தினர்கள் கமலநாதனைப் பார்த்தார்கள். கமலநாதன், பின்வரிசையில் கைகட்டி நின்ற லோஷினியிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கேள்விய திரும்பப் போட்டுரும்மா. ஆனா... மெதுவாயிருமே?"

"கொஞ்சம் ஆவும், பாஸ். அத அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள் லோஷினி. "உக்காராம, நின்னுக்கிட்டே சொல்லுங்க."