சொல்லாமல் கொள்ளாமல்

என் அண்ணி மாலை வகுப்பில் உளப்பகுப்பாய்வு படிக்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக வாய் திறக்க முடியவில்லை. அண்ணன் சாவியைத் தொலைத்தால், "உங்களுக்கு ஆபீஸ் போக இஷ்டமில்ல, அதான்" என்பார். நான் ஒரு பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால் போதும், என் மனதைக் குடைந்து எடுத்துவிடுவார். அந்தப் படிப்பைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டு எப்போதோ போய்ச் சேர்ந்தவர். ஆனாலும் எங்கள் வீட்டில் அவர் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. கண்ட கனவை அண்ணி காதில் விழும்படி சொல்லக்கூட எனக்குப் பயம்.

அண்ணிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மருத்துவமனையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அதே மருத்துவமனையில் எலக்ட்ரீஷியன். சலவை அறைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காப்பகத்தில் மின்விசிறியோ சுவிட்சோ அடிக்கடி மக்கர் செய்யும். அதனால் அங்கே நடந்தது எல்லாமே எனக்குத் தெரியும்.

ஒரு நர்ஸின் மகன் அங்கே இருந்தான். இரண்டு வயது நிரம்பவில்லை. அவன் அழுகைக்கு எல்லோரும் ஆட வேண்டியிருந்ததால் 'முதலாளி' என்று பெயர் வைத்திருந்தோம். அம்மா அவன் கையில் ஒரு பொம்மையைக் கொடுப்பாள், அவன் குனிந்ததும் நழுவிவிடுவாள். நிமிர்ந்தால் அம்மா இல்லை. அதன் பிறகு முதலாளி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். வாசலில் இருந்த குட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பான். மாதக் கடைசிக்குள் அவன் பழகாவிட்டால் அழைத்துப் போய்விட வேண்டியதுதான் என்று பொறுப்பாளர் அம்மா சொல்லிவிட்டார். நர்ஸுக்கு உதவ வேறு யாரும் இல்லை. பையனுக்கு இடமில்லை என்றால் அவளுக்கு வேலையும் இல்லை.

"சொல்லிட்டுப் போம்மா" என்றார் அண்ணி.

"சொன்னா அழுவான்க்கா."

"இப்ப மட்டும் சிரிக்கிறானா?"

நர்ஸ் அழ ஆரம்பித்தாள். "நான் ஒரு நல்ல அம்மாவே இல்லக்கா."

"நூத்துக்கு நூறு வாங்குற அம்மா யாருக்கும் வேண்டாம், ஓரளவு நல்ல அம்மாவா இருந்தாலே போதும். நான் சொல்லல, வின்னிகாட்னு ஒரு குழந்தை டாக்டர் சொல்லியிருக்காரு." அந்த டாக்டருக்கு நர்ஸ் ஏதோ நன்றிக் கடன் பட்டவள் மாதிரித் தலையாட்டினாள்.

அண்ணி வகுப்பில் ஒரு கதை படித்திருந்தார். ஃப்ராய்டின் ஒன்றரை வயதுப் பேரன், நூல் கட்டிய மரக்கட்டையைத் தொட்டிலுக்குள் எறிந்து, அது மறைந்ததும் போய்விட்டது என்பானாம். இழுத்து, வந்துவிட்டது என்று மகிழ்வானாம். அம்மா போவதையும் வருவதையும் அவன் அப்படி விளையாடியே பழகிக்கொண்டானாம். அண்ணி மறுநாளே ஒரு நூல்கண்டோடு கிளம்பினார். முதலாளி அதை வாயில் வைத்துக் கடித்தான். பிறகு நூல் அவன் காலிலும் அண்ணியின் வளையலிலும் சிக்கிக்கொண்டது. நான்தான் கத்தரிக்கோல் கொண்டுபோனேன். சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது.

அன்று மாலை அண்ணி யாரையும் குடையவில்லை. "அவரு அவரோட பேரனை உக்காந்து பாத்தாரு, தம்பி. நான் இவனைப் பாக்கவே இல்ல. இங்கயும் அவரு பேரனைத்தான் தேடிட்டிருந்திருக்கேன்" என்றார். எனக்கு அண்ணிமேல் முதல் முறையாக மரியாதை வந்தது.

அதன் பிறகு அண்ணி வெறுமனே தரையில் உட்கார்ந்து அவனைப் பார்த்தார். முதலாளி தன் ஷூவைத் தாழ்வான அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவான். "போச்சு" என்பான். திறக்கமாட்டான். அண்ணி திறந்து, "வந்துச்சு" என்பார். அவன் நம்பாமல் பார்த்துவிட்டு மறுபடியும் வைப்பான். ஒருநாள் நான் சுவிட்ச் மாற்றிக்கொண்டிருந்தபோது அவனே கதவைத் திறந்தான். "வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, நான் ஏன் கைதட்டவில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தான். தட்டினேன்.

அன்று அண்ணி நர்ஸைக் கூப்பிட்டு, "நாளைக்கு அவன் முகத்தப் பாத்து, 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போ" என்றார்.

"இதுக்கு ஃப்ராய்டு எதுக்கு அண்ணி? எங்கம்மாவே 'போறேன்'னு சொன்னா திட்டுவாங்களே" என்றேன்.

"திட்டுனாங்க சரி. ஏன்னு சொன்னாங்களா?"

நான் கருவிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நர்ஸ் அப்படிச் சொல்லிவிட்டுப் போன முதல் நாள் அவன் கட்டடமே அதிர அழுதான். பொறுப்பாளர் அம்மா முகத்தைச் சுளித்தார். அண்ணி அவனை மடியில் வைத்துக்கொண்டு, "கோவமாத்தான் இருக்கும். அம்மா வருவாங்க" என்றார். அழாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மதியம் பால் குடித்தான். அடுத்தடுத்த நாட்களில் அழுகை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மாதம் முடிய இருந்தது.

கடைசி வாரத்தில் ஒரு காலை, நான் மின்விசிறியைச் சரிசெய்யப் போயிருந்தேன். முதலாளி இன்னொரு குழந்தையோடு பந்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நர்ஸ் வாசலில் நின்று, "அம்மா போயிட்டு வரேன்டா" என்றாள்.

அவன் பந்தை விடவில்லை, நிமிரவும் இல்லை. "போயித்து வா" என்றான்.

நர்ஸ் நகரவில்லை. "கண்ணா, இன்னொரு தடவை சொல்லு" என்றாள். அவன் காதில் வாங்கவே இல்லை. அண்ணி போய் அந்தக் குட்டிக் கதவை மெல்லச் சாத்தினார். "அதான் சொல்லிட்டானே. கிளம்பும்மா."

அவள் போனாள். நடையின் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று காப்பகத்தில் அழுதது அவள் ஒருத்திதான், என்னைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.