பிறந்தநாள் இல்லாத நாளில் ஒரு கொடி

விபெகேயின் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள், சாமான்களெல்லாம் இனிமேல்தான் வருமா என்று கேட்பார்கள். அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, வெள்ளை மேஜை, வெள்ளைக் கோப்பை. அலமாரிகளுக்குக் கைப்பிடிகூடக் கிடையாது. தொட்டால் திறக்கும், எங்கே தொடுவது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். தரைப் பலகைகளை வெள்ளைச் சோப்புக் கரைசல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எலும்பு நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். ஸ்வென்போர் ஊரின் நீச்சல் குளத்தில் அவள் கண்காணிப்பாளர். நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலில் காது அடைத்துப்போய் வருகிறவளுக்கு, வீட்டில் கண்ணில் எதுவும் தட்டுப்படக் கூடாது.

ஒரே ஒரு உறுத்தல், கணவன் அஸ்கரின் பழுப்புத் தோல் நாற்காலி. அதைத் தூக்கிப்போட அவள் போடாத சண்டை இல்லை. அவன் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், பிடிவாதக்காரன்.

அவனுடைய கண் நரம்பு கெட்டுக்கொண்டு வந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டில் அவன் சொன்னதோ கொஞ்சம் மங்கல் என்று மட்டும். காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினான். கதவில் நெற்றியை இடித்துக்கொண்டான். புத்தி எங்கே மேய்கிறது என்று விபெகே எரிந்து விழுந்தாள். அப்புறம் அவன் காபி போடுவதையே விட்டுவிட்டு, அந்த நாற்காலியில் பிடித்து வைத்தாற்போல் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு நாள் அமைதியாகச் சொன்னான்: "முதியோர் குடியிருப்புல ஒரு இடம் காலியா இருக்காம். நான் அங்க போயிடறேன், விபெகே. மாசக் கடைசி சனிக்கிழமை நாற்காலிய ஏத்திட்டுப் போக கிரெஸ்டன்கிட்ட வேன் கேட்டிருக்கேன்."

கிரெஸ்டன் அடுத்த வீட்டுக்காரன். தன்னிடம் சொல்வதற்கு முன் அவனிடம் சொல்லியிருக்கிறானே என்றுதான் விபெகேவுக்கு முதலில் கோபம் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

அந்த வாரம் மகள் டில்டேயின் பிறந்தநாள். பிறந்தநாளென்றால் சாப்பாட்டு மேஜையில் நாட்டுக் கொடி வைப்பது அந்த ஊர் வழக்கம். விபெகே இழுப்பறையிலிருந்து சின்னக் கொடிக்கம்பத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். சிவப்புத் துணி, நடுவில் வெள்ளைச் சிலுவை. அஸ்கர் நாற்காலியை விட்டு எழுந்தான், நேராக மேஜைக்கு வந்தான், உட்கார்ந்து ரொட்டியை எடுத்தான். மறுநாள் கொடி இழுப்பறைக்குள் போயிற்று. அஸ்கர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தான்.

"நேத்து மட்டும் எப்படி நேரா வந்தே?" என்று கேட்டாள்.

"நேத்து மேஜை இருந்துச்சு. இன்னிக்கு இல்ல."

விபெகே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு, வெள்ளை மேஜையில் வெள்ளைக் கோப்பை. இத்தனை வருஷமாக ஒவ்வொன்றாக அழித்தது பொருளை அல்ல, அவனுடைய வழியை. அந்த வீட்டில் அவன் கண்ணுக்கு மிச்சமிருந்தது அந்தப் பழுப்பு நாற்காலி ஒன்றுதான்.

வேலையில் அன்று குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குளத்தின் அடியில் வெள்ளை ஓடுகள்மேல் கருநீலக் கோடுகள். விளிம்பைச் சுற்றிலும் அதே நீலம். அது இல்லாவிட்டால் நீந்துகிறவர்கள் சுவரில் போய் முட்டுவார்கள். தினமும் பார்க்கிற சங்கதி, வீட்டுக்கு வந்தால் மறந்துபோகிற சங்கதி.

நிலைக்கால்களுக்கு முதலில் இளஞ்சாம்பல் பூசிப் பார்த்தாள். அவளால் அதுவரைதான் இறங்கிவர முடிந்தது. அஸ்கர் கூடத்தில் நின்று உதட்டைப் பிதுக்கினான். "அது உன் ஆசைக்கு. என் கண்ணுக்கு இல்ல." இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு கருநீலம் வாங்கினாள். முதல் தீற்றலின்போது யாரோ தன் முகத்தில் பூசுவது போலத்தான் இருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சலா என்று டில்டே நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நிலைக்கால், மேஜை விளிம்பு எல்லாம் நீலமாயின. அலமாரிகளுக்குக் கறுப்புக் கைப்பிடி வந்தது. கோப்பைகள் வெளியே நீலம், உள்ளே வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் அஸ்கர் தெரிகிறது, தெரியவில்லை என்று தீர்ப்புச் சொன்னான். வேன் வேண்டாம் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

மாதக் கடைசி சனிக்கிழமை காலை கிரெஸ்டன் வேனை வாசலில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்தான். மேஜையில் கொடி நின்றது.

"இன்னிக்கு யாருக்குப்பா பொறந்தநாள்?"

அஸ்கர் எழுந்தான். நீல விளிம்பில் விரல் வைத்து, கோப்பையை இழுத்து, காபியை ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"மேஜைக்கு," என்றான் அஸ்கர். "உக்காரு, காபி குடி. நாற்காலி எங்கயும் போகல."