அலைக்குளத்தில் ஒரு கைத் தண்ணீர்

தீம் பார்க்கின் அலைக்குளத்தை நெருங்கியதுமே குளோரின் வாடை மூக்கில் ஏறியது. நொடியில் ஏழு வயதுக்குப் போய்விட்டேன்.

அன்றும் மயிலாப்பூரிலிருந்து குடும்பத்தோடு இப்படி ஒரு பார்க்குக்குத்தான் போயிருந்தோம். வேட்டியோடு தண்ணீரில் இறங்கக்கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டதால், தாத்தா வாடகை நைலான் கால்சட்டையில் நின்றார். அவருடைய முழங்காலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவ்வளவு வெளுப்பு! கோயில் குளத்தில் செய்வதுபோலவே குனிந்து, உள்ளங்கையில் தண்ணீர் அள்ளித் தன் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு எங்கள் தலைகளிலும் தெளித்தார்.

அப்பாவுக்கு மானம் போயிற்று. "அப்பா, இது கோயில் கொளம் இல்ல. எல்லாரும் பாக்கறாங்க."

"தண்ணிதானடா? சொல்லாம கொள்ளாம கால வெச்சிடறதா?" என்றார் தாத்தா. அலை வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆனந்தமாக ஒரு முங்கு போட்டார்.

"வா தாத்தா!" என்று இப்போது என் மகள், எங்களோடு வந்திருந்த என் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "இருடி கண்ணு" என்று கையை விடுவித்துக்கொண்ட அப்பா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மெதுவாகக் குனிந்தார்.

நான் பக்கத்தில் போய்த் தலையை நீட்டினேன்.