நூரியா கடையில் அண்ணாந்து குடித்தவள்

சித்ராதேவியின் போனில் ஒரு வீடியோ இருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஓடாது. ஊர் திரும்பிய நாளிலிருந்து அதை வீட்டில் ஒருவருக்காவது காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தம்பி காதுக்கு எட்டினால் அடுத்த சீசனுக்கு வெளிநாட்டுக்கு வேறு ஆள்தான் போவார் என்பதும் தெரியும்.

திருப்பூர் பக்கம் மங்கலத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்சன் அவள் பொறுப்பு. கணவர் தவறிய பிறகு தம்பி சிவபிரகாஷ் வீட்டு மாடியறைக்கு வந்தவள். அன்பான வீடுதான். ஆனால் கம்பெனி வேனிலிருந்து இறங்கினால் நேராக மாடிப்படி. நடுவில் வேறு இடம் கிடையாது. தெருமுனை பேக்கரியில் ஆண்கள் டீயும் பப்ஸுமாகப் பொழுதுக்கும் நிற்பார்கள். ஒருமுறை தலைவலி தாங்காமல் அவளும் ஒரு டீயை வாங்கிக்கொண்டு அங்கே ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாதி குடிப்பதற்குள் தெரிந்தவர் ஒருவர் பைக்கை நிறுத்தினார். "ஏனுங்க, வண்டி வரலீங்களா? தம்பியக் கூப்படட்டுங்களா?" மீதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

இந்த வருடம் பிப்ரவரியில் கம்பெனி அவளை மூன்று மாதத்துக்கு ஸ்பெயினுக்கு அனுப்பியது. பார்சிலோனா பக்கம் ஒரு கடலோர ஊர். குழந்தைகள் உடுப்பின் அளவுத் திருத்தங்களை, சரக்கு வாங்கும் பையரின் அலுவலகத்திலேயே உட்கார்ந்து முடித்துத் தர வேண்டும். பகல் எப்படியோ போய்விடும். அவள் வேலை விட்டு வெளியே வரும்போது திருப்பூரில் எல்லோரும் படுத்திருப்பார்கள். பேச ஆளில்லை. ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அறைக்கு நேர் கீழே நூரியாவின் ஒயின் கடை. பார் என்றால் தகரக் கூரையும் ஈரத் தரையும் ஆண்களின் கூச்சலும்தான் என்று ஊரில் பார்த்து வைத்திருந்தாள். இங்கே கண்ணாடிக்குள் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை ஆட்டியபடி குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் செய்தித்தாள் படித்தார். பல நாள் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனவள், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் உள்ளே போய்விட்டாள்.

நூரியா உரத்த குரல்காரி. யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டாள். ஆரஞ்சுச் சாறு வந்தது, கூடவே உப்பில் ஊறிய ஆலிவ் காய்கள். ஜன்னலோர நாற்காலியில் வெகுநேரம் இருந்தாள். மறுநாளும் போனாள். அந்த வாரத்துக்குள் அது அவள் நாற்காலி ஆகிவிட்டது.

ஒருநாள் காரமான ஏதோ ஒன்றைக் கடித்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். யார் யார் வாய் வைத்ததோ என்று கை தானாகவே உயர, அண்ணாந்து குடித்தாள். நிமிர்ந்தபோது கடையே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிழவர் நூரியாவிடம் ஏதோ சொன்னார். அவள் அலமாரி உச்சியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை இறக்கினாள். குண்டு வயிறு, நீண்ட ஒல்லி மூக்கு. பொரோன் என்றாள். பலர் கூடினால் ஒயினை அதில் ஊற்றிக் கை மாற்றுவார்களாம், வாய் படக்கூடாதாம். கிழவர் செய்து காட்டுகிறேன் என்று தூக்கி, சட்டைக் காலரை நனைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். பாத்திரம் சித்ராதேவியிடம் வந்தது.

உள்ளே இருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்குக் கிருத்திகையா என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். இல்லை. தூக்கினாள்.

வெளிர் மஞ்சள் நூல் ஒன்று காற்றில் இறங்கி நேராகத் தொண்டைக்குள் போனது. கையை மேலும் நீட்டினாள். நூல் அறவில்லை, ஒரு துளி சிந்தவில்லை. கடை முழுக்கக் கை தட்டியது. நூரியா அதைப் போனில் பிடித்து அவளுக்கு அனுப்பினாள்.

ருசி முதல் நாள் புளித்த பழச்சாறு போலத்தான் இருந்தது. போகப் போக நாக்கு பழகியது. பிறகு ஒவ்வொரு மாலையும் அவள் உட்கார்ந்ததும் பொரோன் வந்துவிடும். இரண்டு மடக்கு, அவ்வளவுதான். புதிதாக வருபவர்களை நூரியா பிடித்து இழுத்துவந்து காட்டுவாள். பேச்சு பாதிதான் புரியும். ஆனாலும் அவள் உள்ளே வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நடுவில் குறுக்கி, கடைசியை விழுங்கி, "சித்ரதேவ்" என்று. மேலே அறைக்கு ஏறும்போது அந்தக் கலகலப்பைச் சொல்ல யாருமில்லாமல் போனைத் திறந்து மூடுவாள்.

ஊர் வந்து பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். தம்பி மகள் வேல்விழி கல்லூரிக்காரி, எதற்கும் சிரிப்பவள். ஒரு சாயங்காலம் அவளை மாடிக்குக் கூப்பிட்டு வீடியோவைப் போட்டுக் கொடுத்தாள்.

வேல்விழி பார்த்தாள். "ஏனுங்கத்தை, அவிங்களுக்கு அண்ணாந்து குடிக்கவே தெரியாதுங்களா? இதுக்குப் போயி கை தட்டறாங்க."

"அங்க அப்படித்தான் கண்ணு."

"நம்மூர்ல சின்னக் கொழந்தைகூடக் குடிக்குமே" என்று சிரித்துவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்துத் தன் போனுக்குள் போய்விட்டாள்.

பாத்திரத்தில் என்ன இருந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மழையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சித்ராதேவி சொல்லியிருப்பாள். போனை மூடி வைத்தாள். பிறகு கீழே சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

சாப்பிடும்போது சிவபிரகாஷ் கேட்டான். "அடுத்த சீசனுக்கும் உங்களையே அனுப்பறதாச் சொன்னாங்களாமா. போறீங்களாக்கா?"

"போறன் சாமி."

"அங்க ஒண்டியா இருக்கோணுமேக்கா. சாயங்காலத்துல பொழுது போவுமுங்களா?"

சித்ராதேவி செம்பை எடுத்தாள். கையை நன்றாக உயர்த்தி, அண்ணாந்து, நிதானமாகக் குடித்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செம்பை வைத்துவிட்டு, "போவும்" என்றாள்.